ஆடும் மேடையில் கான்கிரீட் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆரணி, களம்பூர் வட்டார அரிசி ஆலைகளில், உமி இழுக்கும் புளோயரை இரும்பு மேடை மேல் ஏற்றியிருக்கும் உரிமையாளர்களின் கவனத்துக்கு இதை எழுதுகிறேன். மேடை நடுங்கினால் அடியில் ரப்பர் வைப்பது, மேலே கான்கிரீட் கொட்டுவது என்று உடனே இறங்கிவிடுகிறார்கள். பல நேரம் அதனாலேயே ஆட்டம் கூடுகிறது.

எந்த மேடைக்கும் தனக்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு; அதாவது, தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை அது தானாக ஆடும் என்ற கணக்கு (ஹெர்ட்ஸ்). மேலுள்ள பாரத்தில் நடுவே 1 மி.மீ. தொய்கிற மேடைக்கு அது சுமார் 16 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 960 சுற்று ஓடும் புளோயரும் நொடிக்குச் சரியாக 16 முறை உலுக்குகிறது. இறக்கையில் 30 செ.மீ. ஆரத்தில் ஒரு பக்கமாக 100 கிராம் தூசு அப்பினாலே 31 கிலோ விசை கிளம்பும். போல்ட் போட்ட இரும்புச் சட்டத்தில் அதிர்வைத் தணிக்கும் தன்மை மிகக் குறைவு, 2 சதவீதம் அளவுதான். ஆகவே இரண்டும் ஒத்துப்போனால் அந்த விசை 25 மடங்காகி, முக்கால் டன்னாக மேடையை அடிக்கும். வெல்டிங் மூலை விரிசல் விடாமல் என்ன செய்யும்?

கண்டுபிடிப்பது எளிது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். வேகம் சற்றே இறங்கியதும் ஆட்டம் சட்டென்று அடங்கினால் அது ஒத்ததிர்வு, அதாவது மேடையின் அதிர்வெண்ணும் ஓட்ட வேகமும் ஒத்துப்போனதால் வந்த ஆட்டம். வேகத்தோடு சேர்ந்து படிப்படியாகக் குறைந்தால் இறக்கைச் சமநிலைக் கோளாறு. இறங்கும்போது ஆட்டம் கூடினால், மேடையின் அதிர்வெண் ஓட்ட வேகத்துக்குக் கீழே இருக்கிறது. புளோயர் நின்றபின் மேடையை மரச்சுத்தியலால் தட்டி, கைபேசியின் அதிர்வுச் செயலியில் ஹெர்ட்ஸ் பார்த்து 60-ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணும் ஓட்ட வேகமும் குறைந்தது 20 சதவீதமாவது விலகியிருக்க வேண்டும்.

20 ஹெர்ட்ஸ் மேடையில் பாதி எடைக்குக் கான்கிரீட் சேர்த்தால், மேடையின் விறைப்பு (வளையாமல் நிற்கும் தன்மை) கூடாதவரை அதிர்வெண் 16-க்கு இறங்கி, இல்லாத வம்பு வந்து சேரும். 1 மி.மீ. அமுங்கும் ரப்பரும் அதே 16 ஹெர்ட்ஸில்தான் நிற்கும். 960 சுற்றுக்கு உண்மையில் பலன் தர அது 9 மி.மீ. அமுங்க வேண்டும். அதற்கு ஸ்பிரிங்தான் சரி. அப்போது குழாய் இணைப்புக்குக் கான்வாஸ் உறை கட்டாயம்.

முதலில் இறக்கையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், தேய்ந்திருந்தால் பேலன்ஸ் பாருங்கள். அதன்பின் உத்தரத்தின் நடுவே ஒரு தாங்குகால் கொடுங்கள். பக்கவாட்டில் ஆடினால் குறுக்குச் சட்டம். புல்லி மாற்றி வேகத்தைக் கூட்டுவது கடைசி வழி. 20 சதவீதம் கூட்டினால் மோட்டார் சுமை 1.7 மடங்காகும், மோட்டாரின் குதிரைத்திறனைப் பார்க்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலை இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்,
ஆரணி.