நெஞ்சுக் காயப் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பயிற்சி தொடங்க இன்னும் 18 நாட்களே இருக்கின்றன. நெஞ்சுக்குள் சிக்கிய காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றும் நெஞ்சுக் குழாய்கள் 40 வேண்டும். கையில் இருப்பவை 22. செய்து பழகுவதற்கான மனித மாதிரி உருவங்கள் 4 வேண்டும், வந்தது ஒன்றுதான். ஆகவே மீண்டும் உங்களிடம் வருகிறோம்.

இந்தக் குழு எப்படிப் பிறந்தது என்பது மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. நம் உறுப்பினர் ஒருவரின் மகனை விபத்தில் மார்பில் அடிபட்ட நிலையில் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் மூச்சொலியே இல்லை. கழுத்து ரத்த நாளங்கள் புடைத்திருந்தன. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே வந்தது. எக்ஸ்ரே வரட்டும் என்று காத்திருந்தார்கள். படம் வந்தபோது பிள்ளை இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் சிக்கிய காற்று நுரையீரலைச் சுருக்கி இதயத்தையும் நெருக்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் படம் வேண்டாம். பழகிய கண்ணும் காதும் போதும். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், பயிற்சி பெற்றவர் ஊசியைச் செலுத்தினால் காற்று ‘உஸ்’ என்று வெளியேறும். பிறகு குழாய். அதன் மறுமுனை நீரில் மூழ்கியிருக்கும் குப்பியில், நோயாளியின் மூச்சோடு நீர் ஏறி இறங்குவதைப் பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்கமாட்டார்கள்.

1976-இல் விமான விபத்தில் சிக்கிய அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர், தம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையின் குறையைக் கண்டு கொதித்தார். அதிலிருந்து பிறந்த, விபத்துக் காயச் சிகிச்சையை மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி முறை 1978-இல் தொடங்கி இன்று உலகெங்கும் நடக்கிறது. ஒரு தகப்பனின் வேதனையில் தொடங்கியவர்கள் நாமும்தான்.

பெரிய அறுவை அரங்கு கேட்கவில்லை. மோதியோ விழுந்தோ நெஞ்சில் அடிபட்டவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோரைக் காப்பது குழாயும் ஆக்சிஜனும் வலி நிவாரணமும்தான். குழாய் வைத்த உடனே 1,500 மில்லி லிட்டருக்கு மேல் ரத்தம் வந்தால் அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையும் இதே வகுப்பில்தான் கற்றுத்தருகிறோம்.

முதல் மாதிரி உருவத்தை வாங்கித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும், முதல் சம்பளத்தை உறையோடு கொடுத்த இளம் செவிலியருக்கும், கணக்கு எழுதித் தரும் அன்பருக்கும், ஆளுக்கொரு நாள் கூலியைத் தந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இறைவன் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும். ஓட்டுநர்களே தந்திருக்க, வசதியுள்ள பலரின் பெயர்கள் பட்டியலில் இன்னும் இல்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் இறுதி ஊர்வலத்தில் நாம் எல்லோரும் நடந்தோம்.

பணமாகத் தர இயலாதவர்கள் ஒரு குழாய்க்குப் பொறுப்பேற்கலாம். பத்து நாட்களுக்குள் பொருளாளரிடம் சேர்த்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்