நேப்பியர் வீட்டு மூலப்பத்திரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். எடின்பரோவில் நீ படிக்கிற நேப்பியர் பல்கலைக்கழகத்துக்கும் சென்னையில் கூவத்தின் மேல் இருக்கிற நேப்பியர் பாலத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அன்றைக்குக் கேட்டாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்வாள், அப்புறம் பேச்சு நீ என்ன சாப்பிட்டாய் என்பதற்குப் போய்விடும், அதனால் எழுதியே அனுப்புகிறேன். சம்பந்தம் உண்டு. ஆள் வேறு, வீடு ஒன்று. பல்கலைக்கழகத்தின் பெயர் மடக்கை (லாகரிதம்) கண்டுபிடித்த ஜான் நேப்பியருடையது. பாலத்தின் பெயர் 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த பத்தாவது நேப்பியர் பிரபுவுடையது. இரண்டு பேருக்கும் நடுவில் 200 வருஷத்துக்கு மேல். ஆனால் அந்த வம்சக் கொடியைப் படித்துக்கொண்டே வந்தபோது, ஆயுசு முழுக்கப் பத்திரம் எழுதியே பிழைத்தவன் கண்ணில் வேறொன்று பட்டது: கவர்னர் நேப்பியர், ஆண் வழியில் பார்த்தால் நேப்பியரே கிடையாது, ஸ்காட் வீட்டுக்காரர்.

முதலில் இருந்து சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் மெர்ச்சிஸ்டன் வளாகத்துக்கு நடுவில் ஒரு பழைய கற்கோபுரம் நிற்கிறதே, அதுதான் இவர்களுடைய பூர்வீக வீடு. 15ஆம் நூற்றாண்டில் வியாபாரத்தில் பணம் சேர்த்து நிலம் வாங்கியவர்கள், எடின்பரோ நகரத் தலைவர் பதவி வரைக்கும் போனவர்கள், ஆனால் பிரபுக்கள் இல்லை. ஜான் நேப்பியர் 1550இல் அங்கே பிறந்தார், 1614இல் மடக்கை நூலை வெளியிட்டார், 1617இல் இறந்தார். லாக் டேபிளைப் புரட்டிப் புரட்டிக் கணக்குப் போட்ட என் தலைமுறைக்கு அவரைத் தெரியாமல் இருக்காது, ஆனால் அவர் சாகும்வரை ஒரு நிலக்கிழார், அவ்வளவுதான். பட்டம் வாங்கியது மகன் ஆர்ச்சிபால்ட். ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்துக்கும் ராஜாவாகி லண்டன் போனபோது கூடவே போய், அரண்மனையில் வேலை பார்த்து, ஸ்காட்லாந்தின் துணைப் பொக்கிஷதாராகி, கடைசியில் முதலாம் சார்லஸ் காலத்தில் 1627 மே 4ஆம் தேதி மெர்ச்சிஸ்டனின் நேப்பியர் பிரபு ஆனார். அதே வருஷம் நோவா ஸ்கோஷியா பரோனெட் என்று இன்னொரு பட்டமும் வந்தது. கனடாப் பக்கம் ஆள் குடியேற்றப் பணம் திரட்டுவதற்காக ராஜா தொடங்கிய பட்டம் அது. பட்டம் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மண்ணை மிதித்திருக்கவே மாட்டார்கள். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள். ஒரே ஆள் கையில் இருந்தாலும் இரண்டும் தனித்தனிப் பத்திரம், ஷரத்தும் தனித்தனி.

ஆர்ச்சிபால்டின் மனைவி மார்கரெட், மாண்ட்ரோஸ் பிரபுவின் அக்கா. உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று ஸ்காட்லாந்தைக் கலக்கியவர் அந்த மாண்ட்ரோஸ். மைத்துனர் எந்தப் பக்கமோ நேப்பியர் வீடும் அந்தப் பக்கம். முதல் பிரபு சிறையில் கிடந்து, வெளியே வந்த கையோடு 1645இல் இறந்தார். மகன், இரண்டாம் பிரபு, நாட்டை விட்டு ஓடி ஹாலந்தில் இறந்தார். மாண்ட்ரோஸை 1650இல் எடின்பரோவில் தூக்கில் போட்டு, உடம்பை மெர்ச்சிஸ்டனுக்குப் பக்கத்துப் பொட்டலில் புதைத்தார்கள். இரண்டாம் பிரபுவின் மனைவி ஆளை அனுப்பி அந்த உடம்பிலிருந்து இதயத்தை எடுத்துவரச் செய்து, பதப்படுத்திப் பேழையில் வைத்துக்கொண்டார். இது எதற்கு என்று கேட்காதே, இந்த இதயம் நம் மதுரைக்கே வரப்போகிறது.

இப்போது என் தொழில் விஷயம். மூன்றாம் பிரபுவும் ஆர்ச்சிபால்டுதான் (பெயருக்கு அந்த வீட்டில் பஞ்சம் போலிருக்கிறது). கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை இல்லை, சகோதரிகள் உண்டு. அப்படியே விட்டுவிட்டுச் செத்திருந்தால் பட்டம் தூரத்து ஆண் பங்காளிகளைத் தேடிக்கொண்டு போயிருக்கும், அல்லது கேட்பாரற்றுக் கிடந்திருக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? உயிரோடு இருக்கும்போதே பட்டத்தை ராஜாவிடம் திருப்பி ஒப்படைத்துவிட்டு, 1677இல் அதே பட்டத்தைப் புதிய சாசனமாக எழுதி வாங்கிக்கொண்டார். முன்னுரிமை பழைய 1627 தேதிப்படியே, ஆனால் வாரிசு ஷரத்து புதிது: தனக்குச் சந்ததி இல்லாவிட்டால் சகோதரிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகவேண்டும். பழைய தேதியும் கெடாமல் புதிய ஷரத்தும் சேர்த்து ஒரு பத்திரம்! நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் இப்படிக் கேட்டால் அடிக்க வருவார்கள். ஸ்காட்லாந்து தனி ராஜ்யமாக இருந்த வரைக்கும் அங்கே இந்த வழி இருந்தது. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். நேப்பியர் 30 வருஷம் முந்திக்கொண்டார்.

அந்த ஷரத்து எவ்வளவு சீக்கிரம் வேலை செய்தது பார். 1683இல் அவர் இறந்தார். பட்டம் சகோதரி ஜீனின் மகன் தாமஸ் நிக்கல்சனுக்கு வந்தது. அந்தப் பையன் 1686இல் சின்ன வயதிலேயே போய்விட்டான், கல்யாணம்கூட ஆகவில்லை. உடனே ஜீனோடு பிறந்த மார்கரெட்டுக்கு வந்தது. இவர் பிரிஸ்பேன் என்பவரின் விதவை, தன் பெயரிலேயே ஐந்தாவது நேப்பியர் சீமாட்டி, ஏறக்குறைய 20 வருஷம் பட்டத்தை வைத்திருந்தார். இவருடைய மகள் எலிசபெத், தர்ல்ஸ்டேன் என்ற ஊரின் சர் வில்லியம் ஸ்காட்டைக் கட்டிக்கொண்டவர், அம்மாவுக்கு முன்னாலேயே இறந்துவிட்டார். அதனால் 1706இல் மார்கரெட் கண்ணை மூடியபோது பட்டம் பேரன் பிரான்சிஸ் ஸ்காட்டிடம் போனது. சின்னப் பிள்ளை. அவன் ஸ்காட் என்ற பெயரை விட்டு நேப்பியர் என்று வைத்துக்கொண்டான், ஆறாவது பிரபு. பிற்காலத்தில் சீனாவில் போய் மாட்டிக்கொண்டவர், நம் பாலத்துக்காரர், எல்லோரும் இந்த ஸ்காட் பையனின் வழி.

பரோனெட் பட்டம் என்ன ஆனது என்று கேட்பாய். அதற்குப் பழைய ஷரத்துதான், ஆண் வாரிசு மட்டும். 1683இலிருந்து யாருமே உரிமை கொண்டாடாமல் அது சும்மா கிடந்தது, 1817இல்தான் தூரத்து ஆண் வாரிசு ஒருவர் வந்து கோரினார். ஆண் வழியை நம்பிய பட்டம் 130 வருஷத்துக்கு மேல் தூங்கியது, பெண் வழிக்குத் திறந்துவிட்ட பட்டம் ஒரு நாள்கூடத் தடைபடவில்லை. உன்னையும் அக்காவையும் பார்த்து 'உனக்கு அப்புறம் யார்' என்று விசேஷ வீடுகளில் என்னிடம் துக்கம் விசாரிக்கிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம் என்று இருந்தேன், பந்தியில் உட்கார்ந்து ஸ்காட்லாந்து வரலாறு பேசினால் எழுந்து போய்விடுவார்கள்.

சரி, மதுரைக்கு வருவோம். ஆறாவது பிரபுவின் மகள் ஹெஸ்டர், சாமுவேல் ஜான்ஸ்டன் என்ற கம்பெனி உத்தியோகஸ்தரைக் கட்டிக்கொண்டு நம் ஊரில் வந்து குடியிருந்தார். அப்பா கொடுத்த மாண்ட்ரோஸின் இதயம் அவரோடு வந்தது. இவர்களுடைய மகன்தான் பின்னால் இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன். அவர் 1836இல் தன் மகள்களுக்கு ஒரு கடிதம் எழுதி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார், நான் சொல்வது அதில் இருக்கிறபடி. கப்பலில் வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை, ஒரு குண்டு வந்து பட்டு, இதயம் இருந்த தங்கப்பேழை நொறுங்கியது, உள்ளே இருந்த எஃகுச் சிமிழ் தப்பியது. மதுரையில் ஒரு பொற்கொல்லரைப் பிடித்து அதே மாதிரி புதுப் பேழை செய்து, அதை வைக்க ஒரு வெள்ளிக் கலசமும் செய்து, கலசத்தின் மேல் மாண்ட்ரோஸின் கதையைச் சுருக்கமாகத் தமிழிலும் தெலுங்கிலும் பொறிக்கச் சொன்னார் அம்மா ஹெஸ்டர். வந்தது வினை. அந்தக் கலசம் வீட்டில் இருந்தால் போரில் காயமே படாது என்று ஊரில் பேச்சுப் பரவி, யாரோ திருடி, ஒரு பாளையக்காரர் நல்ல விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டார். பையன் அலெக்ஸாண்டர் அவரோடு வேட்டைக்குப் போய்க் காட்டுப்பன்றியிடம் தைரியம் காட்டியிருக்கிறான், என்ன வேண்டும் கேள் என்றபோது அம்மாவின் கலசத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். கடைசியில் 1792இல் ஊர் திரும்பும் வழியில் பிரான்சில் புரட்சி, தங்கம் வெள்ளி எல்லாவற்றையும் ஒப்படை என்று உத்தரவு. பூலோன் ஊரில் ஒரு ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒளித்துவைக்கக் கொடுத்ததோடு சரி, அப்புறம் அது கிடைக்கவே இல்லை.

இதைவிடப் பெரிய காரியம் ஒன்றும் ஹெஸ்டர் வீட்டில் நடந்தது. அவருடைய அப்பாவுக்குத் தன் மூதாதை ஜான் நேப்பியரின் வாழ்க்கையை எழுத ஆசை. இந்துக்களுக்கு மடக்கைக் கணக்கு தெரிந்திருந்ததா என்று விசாரிக்க, லூயிஸ் தீவைச் சேர்ந்த காலின் மெக்கன்சி என்ற இளைஞரை அமர்த்தினார். 1773இல் பிரபு இறந்த பிறகும் மெக்கன்சிக்கு அந்த ஆர்வம் விடவில்லை, மெட்ராஸ் படையில் பொறியாளராக 1783இல் வந்தார், ஹெஸ்டர் அவரை மதுரைக்கு வரவழைத்து இங்குள்ள பண்டிதர்களிடம் அறிமுகம் செய்துவைத்தார். அங்கே தொடங்கியதுதான் மெக்கன்சி சுவடித் தொகுப்பு என்று சொன்னவரும் இதே ஜான்ஸ்டன்தான். கல்வெட்டுப் படி, கைஃபியத்து என்கிற உள்ளூர் விவரக் குறிப்பு, ஊர் வரலாறு என்று அவர் சேர்த்ததில் ஒரு பகுதி இன்றைக்கும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. மார்கரெட் பிரிஸ்பேனுக்குப் பட்டம் போகாதிருந்தால் அவருடைய பேரன் வெறும் ஸ்காட்டாக இருந்திருப்பார், ஜான் நேப்பியரைப் பற்றி அவ்வளவு அக்கறை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம் ஒன்பதாவது பிரபு. டிரஃபால்கர் சண்டையில் இருந்தவர், பிறகு ஊரில் ஆடு வளர்த்தவர், 1834இல் சீனாவின் கான்டனுக்கு வர்த்தகக் கண்காணிப்பாளராகப் போய் சீன அதிகாரிகளின் முறையை மதிக்காமல் முரண்டு பிடித்து, காய்ச்சலில் விழுந்து மக்காவு நகரில் செத்துப்போனார். அவர் மகன்தான் நம் கவர்னர், பிரான்சிஸ். அமெரிக்கா, ஹாலந்து, ரஷ்யா, பிரஷ்யா என்று தூதராகச் சுற்றிவிட்டு மெட்ராஸ் வந்தார். பாலம் 1869. இடிந்துகொண்டிருந்த நம் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க வைத்தவரும் அவர்தான். திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியமும் அவர் பெயரில்தான். 1872 பிப்ரவரியில் அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபு குத்திக் கொல்லப்பட்டபோது சில மாதம் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார். ஊர் திரும்பியதும் எட்ரிக் பாரன் (Baron) என்று புதுப் பட்டம் கொடுத்தார்கள். ஏற்கெனவே பிரபுவாக இருக்கிறவருக்கு எதற்கு இன்னொன்று? 1707 ஒப்பந்தப்படி ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எல்லோருக்கும் லண்டன் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது, தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். புதுப் பட்டம் இருந்தால் தேர்தல் இல்லாமல் நேராக உட்காரலாம். 250 வருஷப் பட்டத்தால் கிடைக்காத நாற்காலி நேற்றைய பட்டத்தால் கிடைத்தது. ஆனால் இந்த எட்ரிக் பட்டம் ஆண் வழிக்கு மட்டும். என்றைக்காவது அந்த வீட்டில் மகள் மட்டும் இருந்தால் நேப்பியர் ஒரு பக்கம், எட்ரிக் ஒரு பக்கம் போகும்.

அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்தது பாலமோ மகாலோ இல்லை. 1883இல், ஸ்கை தீவில் குத்தகைக் குடியானவர்கள் வெளியேற்றத்தை எதிர்த்துக் கலகம் செய்த பிறகு, அவர்கள் குறைகேட்க ஒரு கமிஷன் போட்டார்கள், இவர்தான் தலைவர். தீவு தீவாகப் போய் குடியானவர்களிடமே வாக்குமூலம் வாங்கினார். அதன் தொடர்ச்சியாக 1886இல் வந்த சட்டம், வாடகை ஒழுங்காகக் கட்டுகிறவனை வெளியேற்றக்கூடாது, நியாய வாடகை வேண்டும், குத்தகையைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிவைக்கலாம் என்று உரிமை கொடுத்தது. அவர் கேட்டதும் சட்டம் கொடுத்ததும் ஒன்றில்லை, இருந்தாலும் கமிஷனுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஸ்கை தீவுக்கு டூர் போகப்போவதாகச் சொன்னாயே, பிரேய்ஸ் என்ற இடத்தில்தான் விசாரணையைத் தொடங்கினார், முடிந்தால் பார்.

பட்டம் இன்னும் இருக்கிறது. 1999இல் பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து வெளியே அனுப்பினார்களே, அதில் பதினான்காவது பிரபுவும் போனார். மார்கரெட் இளவரசிக்குப் பல வருஷம் தனிச் செயலாளராக இருந்தவர் அவர். இப்போது பதினைந்தாவது.

நம் வீட்டு விஷயம். செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகலை உனக்கும் அக்காவுக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். எனக்கும் அம்மாவுக்கும் ஆயுட்கால அனுபவ பாத்தியதை, அதற்குப் பிறகு உங்கள் இருவருக்கும் சரிபாதி. அக்கா படித்துவிட்டாள், மாடியைப் பற்றி அவளுக்கு ஒரு யோசனை இருக்கிறது, அதை அவளே பேசுவாள். நீ மூன்றாவது ஷரத்தை நிதானமாகப் படி. உன்னால் பதிவுக்கு வரமுடியாவிட்டால் அக்கா பெயருக்கு ஒரு பவர் கொடுக்கவேண்டும், எடின்பரோவிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, பாஸ்போர்ட்டோடு என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது. தை மாதத்துக்குள் பதிந்துவிட நினைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா