உதரவிதானத்தில் ஓட்டை: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதன் உதரவிதானத்தில், அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பில், ஓட்டை இருக்கிறது என்று கேள்விப்பட்ட பெற்றோர் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள், சிலர் வெறுங்கையோடு திரும்பியவர்கள். இரு தரப்பாரும் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் மடலும் ஒன்றுதான். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும். என்ன செய்தீர்கள், அது எப்படி உதவியது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். நாளைக்கு இதே ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கப்போகிற தம்பதிக்கு அது பயன்படட்டும்.

முதல் நன்றி, ஐந்தாம் மாத ஸ்கேன் பார்த்த டாக்டருக்கு. இதயத்தின் நான்கு அறைகளும் ஒன்றாகத் தெரிகிற படத்தில் இரைப்பை தெரியவே கூடாது. அது உதரவிதானத்துக்குக் கீழே இருக்க வேண்டிய உறுப்பு. அந்தப் படத்தில் இதயத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு குமிழ் தெரிந்து, இதயமும் வலப்பக்கமாக ஒதுங்கியிருந்தால், இடப்பக்க உதரவிதானம் மூடாமல் நின்றுவிட்டது என்று பொருள். இந்தக் குறைபாடு நூற்றில் சுமார் 85 பேருக்கு இடப்பக்கம்தான் வருகிறது. நீங்கள் திரையை எங்கள் பக்கம் திருப்பி, குமிழின் மேல் அம்புக்குறியை வைத்து, "இது இரைப்பை, இது இதயம், ரெண்டும் ஒரே படத்துல வரக்கூடாது" என்று காட்டினீர்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டை மட்டும் நீட்டியிருந்தால் வழியெல்லாம் என்னென்னவோ கற்பனை செய்திருப்போம். ஆபத்து அந்த ஓட்டையில் இல்லை, ஓட்டையைத் தைத்துவிடலாம். குடலும் இரைப்பையும் மார்புக்குள் ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நுரையீரல் வளராமல் போவதுதான் ஆபத்து என்று முதல் நாளே நீங்கள் சொன்னதால்தான் பிறகு வந்த எல்லா டாக்டர்களின் பேச்சும் எங்களுக்குப் புரிந்தது.

அடுத்து, கரு மருத்துவ நிபுணர் அம்மாவுக்கு. நுரையீரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, ஓட்டைக்கு எதிர்ப்பக்க நுரையீரலின் பரப்பை அளந்து, குழந்தையின் தலைச்சுற்றளவால் வகுத்து, அந்த வாரத்தில் ஆரோக்கியமான குழந்தைக்கு இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். இடப்பக்க ஓட்டையில் 25 சதவீதத்துக்குக் கீழே போனால் கடுமை. கல்லீரலும் மார்புக்குள் ஏறியிருந்தால் கவலை இன்னும் கூடும். அளக்கும் கை மாறினால் எண்ணும் மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் நீங்களே அளந்தீர்கள். விடுப்பில் இருந்த நாளில் "நாளைக்கு வாங்க, வேற யாரும் அளக்க வேண்டாம்" என்று சொல்லியனுப்பினீர்கள். அன்று எரிச்சலாக இருந்தது உண்மை. 27 என்று ஒருவரும் 33 என்று இன்னொருவரும் சொல்லக் கேட்டவர்கள் எங்களில் உண்டு. அந்த அலைக்கழிப்பை மற்றவர்களுக்கு நீங்கள் மிச்சப்படுத்தினீர்கள்.

இதயத்துக்குத் தனி ஸ்கேன், பனிக்குட நீர்ப் பரிசோதனை இரண்டையும் ஏன் கேட்கிறீர்கள் என்றும் சொன்னீர்கள். ஓட்டை மட்டும் தனியாக இருந்தால் ஒரு கணக்கு. கூடவே இதயக் கோளாறோ குரோமோசோம் கோளாறோ இருந்தால் கணக்கே வேறு. நீர்ப் பரிசோதனையின் முதல்கட்ட முடிவு சில நாளில் வரும், விரிவான முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னதால், காத்திருக்கும் நாட்களில் போன் போட்டு லேபை நச்சரிக்காமல் இருந்தோம்.

சட்டத்தையும் நீங்கள்தான் மறைக்காமல் சொன்னீர்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் இப்படிப்பட்ட கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு கருக்கலைப்புக்கு இடமுண்டு. அதற்கு மேல் போனால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். "தெரிஞ்சு வெச்சுக்கோங்க, முடிவு உங்களோடது" என்றீர்கள். கர்ப்பத்தைத் தொடரத் தீர்மானித்தவர்களை அசட்டு நம்பிக்கைக்காரர்கள் என்று நீங்கள் நினைக்கவில்லை. வேறு முடிவெடுத்தவர்களிடமும் உங்கள் குரல் மாறவில்லை. அதற்குத் தனி நன்றி.

பலூன் வேண்டாம் என்று சொன்னதற்கும் நன்றி. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். கருவிலேயே குழந்தையின் மூச்சுக்குழாயில் சின்ன பலூனை வைத்து அடைத்தால், நுரையீரலில் சுரக்கும் திரவம் வெளியேற முடியாமல் தேங்கி, நுரையீரலை விரித்து வளர்க்கும். கடுமையான இடப்பக்க ஓட்டைக்கு 27 முதல் 29 வாரத்துக்குள் வைத்து 34ஆம் வாரத்தில் எடுப்பார்கள். 2021இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கடுமையான ஓட்டை இருந்து பலூன் வைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் பிழைத்து வீடு போனார்கள். வைக்காதவர்களில் 15 பேர். நடுத்தரக் கடுமை உள்ளவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. குறைமாதப் பிரசவமோ, பலூன் வைத்தால் இந்த இரு வகையினரிடமும் கூடியது. பலூன் உள்ளே இருக்கும்போதே வலி வந்துவிட்டால், அதை எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பிறந்த குழந்தையால் மூச்சே விட முடியாது. அதனால் பலூன் இருக்கும் வாரங்கள் முழுக்க அம்மா அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கவேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்காட்டி, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரித்தீர்கள். கடன் வாங்கியாவது வைத்துவிடலாம் என்று கிளம்பியவர்களை அந்தத் தாள்தான் நிறுத்தியது.

ஊரில் எங்களுக்குக் காவலாக நின்ற கிராம சுகாதாரச் செவிலியருக்கு எப்படி நன்றி சொல்ல? கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று வீட்டுப் பெரியவர்கள் மருமகளைக் குத்திக்கொண்டிருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து மாமியாரிடம் நிதானமாகச் சொன்னீர்கள்: உதரவிதானம் மூடுவது மூன்றாம் மாதம் முடிவதற்குள், கிரகணம் வந்தது அதற்கு அப்புறம். தேதியைக் காலண்டரில் காட்டினீர்கள். கிரகணத்தால் எதுவும் வராது என்று வாதம் செய்துகொண்டிருந்தால் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. மாமியார் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு கொடுக்கும் பிக்மி எண்ணை வாங்கிக்கொடுத்ததும் நீங்கள்தான். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.

காப்பீட்டு உதவி மேஜையில் இருந்த தம்பி, உங்களுக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் கொண்டு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும் என்று பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிக்கொடுத்தீர்கள். குழந்தை வென்டிலேட்டரில் இருக்கும்போது அப்பா தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்கிற கொடுமை பலருக்கு நடக்கிறது. அப்போதே அட்டையை முடித்துவைத்தவர்களுக்கு அது நேரவில்லை.

சாமி விஷயத்துக்கு வருகிறோம். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் கொடுக்கும் விளக்கெண்ணெயைப் பலர் வாங்கிவந்தார்கள். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், தர்காவில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. குறிப்பாக, "வயித்து மேல தடவிக்கோங்கோ, உள்ளுக்குச் சாப்பிடப்படாது" என்று எண்ணெயோடு சேர்த்துச் சொல்லியனுப்பிய குருக்களுக்கு. விளக்கெண்ணெய் குடித்தால் பேதியோடு வலியும் கிளம்பலாம். நிறைமாதம் வரை குழந்தை உள்ளே இருக்கவேண்டிய எங்களுக்கு அது விஷப்பரீட்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்து, ஸ்கேன் பொய்யாகிவிடும் என்று ஒருநாளும் சொல்லாமல், "இன்னைக்கு எந்த டெஸ்ட்? அதுக்கு ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று கேட்ட போதகருக்கும். அற்புதம் நடக்கும், ஆஸ்பத்திரியை விடுங்கள் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களை இந்த மடலில் சேர்க்கவில்லை.

பிரசவ அறையில் நின்ற பச்சிளங்குழந்தை மருத்துவக் குழுவுக்கு நன்றி சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. வெளியே நிற்கிறவர்களுக்கு ஒன்று புரியாது: இந்தக் குழந்தையை அழவைக்கவே கூடாது. முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் அமுக்கும் ஆம்பு பையால் காற்று அடிக்கவும் கூடாது. அடிக்கிற காற்று இரைப்பைக்கும் குடலுக்கும் போகும், அவை இருப்பதோ மார்புக்குள், ஊதிப் பெருத்து இருக்கிற கொஞ்ச நுரையீரலையும் நசுக்கிவிடும். அதனால்தான் தொப்புள்கொடி வெட்டிய கையோடு நேராக மூச்சுக்குழாயில் டியூப் போட்டீர்கள், இரைப்பைக்குத் தடிமனான குழாய் விட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப் வலக்கையில் ஒன்று, காலில் ஒன்று. கையில் எண் நன்றாக இருந்து காலில் இறங்கினால், நுரையீரல் ரத்தக்குழாயின் அழுத்தம் ஏறி ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கு வழியில் போகிறது என்று அர்த்தம். இரண்டு எண்களையும் எப்படிப் படிப்பது என்று அப்பாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். கையில் 95க்கு மேல் வராததற்குப் பதற வேண்டாம், 85 தாண்டினாலே போதும், 100 வரவைக்க அழுத்தத்தைக் கூட்டினால் நுரையீரல் கிழியும் என்றும் சொன்னீர்கள். மானிட்டர் கத்தும்போதெல்லாம் எங்கள் நெஞ்சு அடங்கியது அந்தப் பாடத்தால்தான்.

"ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணல?" என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு, ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் பதில் சொன்ன அறுவை மருத்துவருக்கும் நன்றி. ஒரு காலத்தில் பிறந்தவுடனே தைப்பார்கள். இப்போது நுரையீரல் அழுத்தமும் ரத்த அழுத்தமும் நிலைப்பட்டு, ஆக்சிஜன் தேவை 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே தியேட்டருக்கு எடுப்பார்கள். அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். ஓட்டை சின்னதென்றால் நேராகத் தையல், பெரிதென்றால் செயற்கைத் துண்டு. துண்டு வைத்த பிள்ளைகளுக்கு வளர வளர மறுபடி பிரிய வாய்ப்பு அதிகம் என்பதையும் கையெழுத்து வாங்கும் முன்பே சொன்னீர்கள்.

ரத்தம் கொடுத்தவர்களே, நீங்கள் கொடுத்த ஒரு பை சின்னச் சின்னப் பைகளாகப் பிரிந்து, பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் சில ஸ்பூன் அளவுதான் ஏறும். ஒரே ஆளின் ரத்தமே திரும்பத் திரும்பப் போவது நல்லது என்று ரத்த வங்கியில் சொன்னதும், மறுபேச்சில்லாமல் சட்டையை மடித்தீர்கள்.

இரவு டியூட்டி சிஸ்டர்களுக்கு: மூன்று மணி நேரத்துக்கொரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, ராத்திரியிலும் பால் பீய்ச்சவேண்டும் என்று அம்மாக்களை எழுப்பிவிட்டது நீங்கள். பிள்ளை வாயால் குடிக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை பீய்ச்சாமல் விட்டால் பால் வற்றிவிடும். முதல் நாள் சீம்பாலை ஒரு சொட்டு பஞ்சில் நனைத்து, டியூப் இருந்த வாயின் கன்னத்து உட்புறம் தடவச் சொல்லி அம்மாவின் கையிலேயே கொடுத்தீர்கள். டியூபிலேயே நாட்கள் கழிந்த பிள்ளைகள் பின்னால் வாயருகே எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பும். அந்தச் சொட்டுகள் அதற்கும் ஒரு மருந்து என்று பிறகுதான் தெரிந்தது.

பிள்ளையை இழந்தவர்களின் சார்பில் இந்தப் பத்தி, அதே டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும். கருவிகளைக் கழற்றும் முன் வெதுவெதுப்பான துணியில் சுற்றி அம்மா மடியில் வைத்தீர்கள். பெயர் வைத்துக் கூப்பிட நேரம் கொடுத்தீர்கள். கால் தடத்தை அட்டையில் எடுத்துக்கொடுத்தீர்கள். உயிரோடு பிறந்து இறந்ததால் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்று அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் பால் கட்டி மார்பு கல்லாகும் என்பதை யோசித்து, பால் வற்ற மாத்திரை எழுதியதும் நீங்கள்தான். ஆறுதல் சொல்ல வந்த யாருக்கும் அது நினைவில் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று கேட்கத் துணிந்த நாளில், குறை தனியாக வந்ததென்றால் திரும்ப வர வாய்ப்பு சுமார் 2 சதவீதம் என்று சொல்லி, அடுத்த முறை 12ஆம் வாரத்திலேயே வரச்சொன்னீர்கள்.

வீடு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லச் சொன்னது: காது பரிசோதனை செய்யும் அக்காவுக்கு நன்றி. பிறந்தபோது காது நன்றாகக் கேட்டாலும், இந்தக் குழந்தைகளுக்குப் பின்னால் கேட்பது குறையலாம் என்று எச்சரித்து, மூன்று வயது வரை தேதி குறித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பச்சையாக வாந்தி எடுத்தாலோ மூச்சு இரைத்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திராமல் நேராக எமர்ஜென்சிக்கு ஓடவேண்டும் என்று அதே அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் எழுதியதும் நீங்கள்தான். அட்டை எங்கள் வீடுகளில் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
என்றும் நன்றியுடன்,
பெற்றோர்கள்