கூடுவாஞ்சேரி வாடகையும் சைதாப்பேட்டை வாடகையும்: பெருநகர்க் குழுமங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் நுங்கம்பாக்கத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். என் கணவர் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தில் வேலை பார்க்கிறார். ஐந்து ஆண்டுகள் சைதாப்பேட்டையில் குடியிருந்த நாங்கள், வீட்டு உரிமையாளர் வாடகையை 21,000 ரூபாயாக உயர்த்தியபோது, அதே அளவு வீடு 11,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தாம்பரம் தாண்டித் தெற்கே இருக்கிற கூடுவாஞ்சேரிக்கு வந்தோம். சென்னைப் பெருநகரின் வளர்ச்சியை வகுக்கும், 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் உங்கள் மேசையில் இருக்கிற இந்த நேரத்தில், அதில் ஒரு கணக்குமுறையைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வீடு மலிவா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர ஆகும் பணத்தையும் நேரத்தையும் வாடகையோடு சேர்த்தே கூட்டிப் பாருங்கள்.

தொழில் பழக்கத்தில் எங்கள் வீட்டுக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். வாடகையில் மாதம் 9,500 ரூபாய் மிச்சம். கணவரின் வண்டிக்குக் கூடுதலாகிற பெட்ரோலும் பராமரிப்பும் 1,700 ரூபாய். நிலையத்திலிருந்து வீடுவரை ஷேர் ஆட்டோவுக்கு ஒரு முறைக்கு 20 ரூபாய், மாதத்துக்கு 960 ரூபாய். மகள் பள்ளி விட்டபின் நான் வந்து சேரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்துத் தெரு அம்மாவுக்கு 3,500 ரூபாய். சைதாப்பேட்டையில் இந்தச் செலவே கிடையாது, ஆறு மணிக்கெல்லாம் நான் வீட்டில் இருப்பேன். சமைக்கத் தெம்பில்லாத இரவுகளில் வாங்கும் பரோட்டாவுக்கும் இட்லிக்கும் 1,200 ரூபாய். ஆக 7,360 ரூபாய் போக, கையில் நிற்பது 2,140 ரூபாய்.

இனி நேரத்தின் கணக்கு. சைதாப்பேட்டையிலிருந்து வீட்டு வாசல் முதல் அலுவலக வாசல்வரை எனக்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது ஒரு வழிக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். வேலை நாள் 24 என்று வைத்தால், மாதத்துக்கு 56 மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் போகிறது. கணவருக்கு 22 நாளும் நாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். இருவருக்குமாக 78 மணி நேரம். 2,140 ரூபாயை 78ஆல் வகுத்தால், எங்கள் ஆயுளின் ஒரு மணி நேரத்தை 27 ரூபாய் 40 காசுக்கு விற்றிருக்கிறோம். கூடுவாஞ்சேரியில் அந்தக் காசுக்கு இரண்டு டீ வரும், வடை வராது.

இந்த ஊரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சைதாப்பேட்டை வீட்டில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருக்கிறேன். இங்கே கிணற்றில் நீர் இருக்கிறது, மொட்டைமாடியில் காற்று இருக்கிறது, மகள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள். வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் அறிக்கையில் எழுதுவது இவற்றையும் சேர்த்துத்தான் என்றால், நாங்கள் முன்னேறியிருக்கிறோம். ஆனால் அந்த மொட்டைமாடியில் நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தது சென்ற மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான்.

மாலை ரயிலின் பெண்கள் பெட்டியில் நீங்கள் ஏறியிருந்தால், இந்தக் கணக்கை என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. மாம்பலத்தில் இறங்கிக் கீரையும் காயும் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியைப் பிடிக்கிற பெண்கள், தாம்பரம் தாண்டி உட்கார இடம் கிடைத்ததும் மடியில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பரனூரில் இறங்கும் ஓர் அக்கா, தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடித்து, காம்பைத் தனிப் பையிலும் இலையை மஞ்சள் பையிலும் போட்டு முடிச்சிடுவார். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தால் போதும் என்பார். ஓடும் ரயிலைச் சமையலறையாக்கிக்கொண்ட அந்தத் திறமையை நான் மெச்சுகிறேன். அப்படியொரு திறமை தேவைப்படும்படி ஒரு நகரத்தைப் பரப்பியதை மெச்ச முடியவில்லை.

நகரம் இப்படிப் பரந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு, ரயில் போய்ச் சேருகிற இடத்தில் அலுவலகம் என்று ஒரு வாழ்க்கை முறையே அந்தப் பாதையை ஒட்டி அமைந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபின், வேலைகள் கூட்டம் கூட்டமாக, சோழிங்கநல்லூர் வழியே போகிற பழைய மாமல்லபுரம் சாலைக்கு இடம்பெயர்ந்தன. ஆனால் அந்தச் சாலையின் தொடக்கப் பகுதியை மட்டுமே தொட்டுச் செல்கிற பறக்கும் ரயில், 2007இல் வேளச்சேரிவரை வந்து நின்றுவிட்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு இருக்கும் ஐந்து கிலோமீட்டர் இணைப்புக்கு 2008இல் தொடங்கிய வேலை, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. தாம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பரங்கிமலையில் வண்டி மாறித் தரமணி போவதற்கான அந்த ஐந்து கிலோமீட்டர் உரிய காலத்தில் முடிந்திருந்தால், எத்தனை ஆயிரம் இருசக்கர வண்டிகள் மேடவாக்கம் சாலையில் இறங்காமலே இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலை கிழக்கே போனது, மலிவான வீடு தெற்கே போனது. எங்களைப் போன்ற குடும்பத்தின் இரண்டு சம்பளங்கள் இரண்டு திசைகளில் இருக்கின்றன என்பதையும் திட்டம் கவனிக்க வேண்டும். எனக்காவது ரயில் இருக்கிறது, தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு போகிறது. கணவருக்கு வண்டலூர் வழியானாலும் மேடவாக்கம் வழியானாலும் இரு சக்கரம்தான் கதி. தாம்பரம், கூடுவாஞ்சேரி வழியே போகிற ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலைக்குக் காலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதற்கென ஒதுக்கிய தடத்தில் ஓடுமானால், அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், சுரங்கம் தோண்ட வேண்டாம். போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டது. பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு எடுக்கும் சென்னை ஒன் செயலி 2025இல்தான் வந்தது. சீட்டு ஒன்றாகிவிட்டது, நல்லதுதான். ரயிலை விட்டு இறங்கியதும் நிற்க வேண்டிய பேருந்து இன்னும் வரவில்லை.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளத்தில் 63,246 கோடி ரூபாயில் நடக்கிறது என்பதை அறிவேன். அதன் ஐந்தாம் வழித்தடம் ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரைச் சேரும்போது எங்கள் வீட்டில்தான் முதல் மகிழ்ச்சி. இருந்தாலும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. ரயில் ஓடுவதற்கு முன்பே அந்த வழியெங்கும் வாடகை ஏறிவிடும். நிலையத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கலாம் என்பதைச் சந்தையிடம் மட்டும் விட்டால், கார் வைத்திருப்பவர் நிலையத்துக்கு எதிரிலும் ரயிலை நம்பியிருப்பவர் ஷேர் ஆட்டோ தூரத்திலும் குடியேறுவார்கள். பொதுப்பணத்தில் உருவான நில மதிப்பில் ஒரு பங்காவது, நடுத்தர வருமானத்துக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான வாடகை வீடுகளாகத் திரும்பி வர வேண்டும். விற்பனை வீடுகளாக வேண்டாம். விற்ற வீடு கைமாறிப் போய்விடும். வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதிகளை அரசே கட்டி வாடகைக்கு நடத்துகிறது. தனிப் பெண்ணுக்குச் செய்ய முடிந்ததைக் குடும்பத்துக்கும் செய்யலாம். பறக்கும் ரயில் நிலையங்களின் மேல் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும் பெரிய தளங்களைப் பார்க்கும்போதெல்லாம் இடமில்லை என்ற பதிலை நம்ப முடிவதில்லை.

தூரத்தில் வீடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அரசின் கையிலேயே பாடம் இருக்கிறது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற வாசகத்தோடு, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பியது. பின்னாளில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடிக்குக் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து ஏராளமானோர் அப்படிப் போனார்கள். எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் போனவர். முன்பு நடந்து போய் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், இப்போது எங்கள் அலுவலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அவருக்குப் பயணச் செலவு இல்லை. அந்தத் திட்டத்தை அவர் வாழ்த்தாத நாளில்லை. ஆனாலும் விடிவதற்கு முன் நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பணத்துக்கு அரசு வழி செய்திருக்கிறது, அவர் இழந்த நேரத்துக்கும் இழந்த நான்கு வீட்டு வேலைக்கும் யாரும் வழி செய்யவில்லை. புதிய திட்டத்தில், வேலை இருக்கிற இடத்திலிருந்து யாரையும் பெயர்த்துத் தொலைவில் நடாதீர்கள் என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

மலிவு என்ற சொல்லுக்குள் வெள்ளமும் ஒளிந்திருக்கிறது. கூடுவாஞ்சேரிக்கு வருமுன் முடிச்சூர் பக்கத்தில் ஒரு வீடு இதைவிட 2,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. 2015இல் அடையாறு எங்கே வந்து நின்றது என்று கேட்டபோது, தரகர் பேச்சை மாற்றிக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். தரகரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மனையை அங்கீகரித்தவர் எவரோ அவரிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஊரப்பாக்கம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மனை விளம்பரங்கள்: தாம்பரம் 15 நிமிடம், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 5 நிமிடம், ஐ.டி. நிறுவனங்கள் 20 நிமிடம். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் போனால் ஒருவேளை அப்படிப் போகலாம். பதிவு செய்ய வேண்டிய மனைத் திட்டங்களின் விளம்பரத்தில் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கட்டும்: வேலை நாளில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், பொதுப் போக்குவரத்தில் மூன்று பெரிய வேலை மையங்களுக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று உங்கள் குழுமங்கள் அளந்து கொடுத்த எண். வாங்குகிறவருக்கு அது எச்சரிக்கை. அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரிக்கு அது கேள்வி; இரண்டு மணி நேரம் என்று எண் வரும் இடத்தில், பேருந்துக்கு வழி செய்யாமல் எதற்காக 400 மனைகளுக்குக் கையெழுத்திடுகிறோம் என்று அவர் ஒரு நிமிடமாவது நிறுத்தி யோசிப்பார்.

இந்தக் கணக்குமுறை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் சிகாகோவைச் சேர்ந்த ஓர் ஆய்வு நிறுவனம், வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்ற பழைய அளவுகோலைக் கேள்வி கேட்டு, வீட்டையும் போக்குவரத்தையும் சேர்த்து 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பல ஆண்டுகளாகக் கணக்கிட்டுவருகிறது. அவர்கள் பணத்தை மட்டும் பார்க்கிறார்கள். கார் நகரங்களுக்கு அது பொருந்தும். ஐந்து ரூபாய்க்கு மின்சார ரயில் ஏறக்கூடிய நம் ஊரில் பயணத்தின் பெரும் விலை நேரம்தான் என்பதால், இங்கே அந்த நேரத்தையும் சேர்த்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிய 2022இல் ஆணை வந்தது. அதுவரை உங்கள் வரைபடத்துக்கு வெளியே இருந்த எங்கள் ஊரும் அதில் உள்ளே வந்துவிட்டது. அதனால்தான் உங்களுக்கே எழுதும் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லை விரிந்தால் அங்கீகாரம் பெற்ற மனைகளும் விரியும். அவற்றின் எண்ணிக்கையை மட்டும் சாதனைப் பட்டியலில் எழுதினால், எங்கள் 78 மணி நேரத்தை இன்னும் பல லட்சம் குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததாகவே ஆகும்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் ஜூன் மாதம் முடிகிறது. சைதாப்பேட்டையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். 22,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்லுகிறது. அந்த வேறுவிதம் என்ற சொல்லுக்குள்தான் சென்னையின் எல்லா வீட்டு உரிமையாளர்களும் குடியிருக்கிறார்கள். 2,20,000 ரூபாயைப் புரட்ட முடிந்தால் போவோம், முடியாவிட்டால் இங்கேயே இருப்போம். அதற்குள் உங்கள் பதில் வராது என்பது தெரியும். முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது, வீட்டுவசதி அத்தியாயத்தில் பயண நேரத்துக்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று, எப்படியும் மாலை வண்டியில் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், நான் படித்துப் பார்த்து ஆட்சேபணையை எழுதி அனுப்புவேன்.

இப்படிக்கு,
கூடுவாஞ்சேரியில் குடியிருக்கும் ஒரு கணக்கர்