சங்கேத மொழிக்குப் பின்னால்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் மொழி சங்கேதமாகப் பயன்பட்டது பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை கண்டேன். டாங்கிக்கு 'ஆமை', நீர்மூழ்கிக்கு 'இரும்பு மீன்' என்ற விவரங்கள் சுவையானவை. ஆனால், 1942இல் அமெரிக்க மரைன் படை அம்மொழியைத் தேடி வருமுன், அதைப் பேசியதற்காகவே அரசு விடுதிப் பள்ளிகளில் குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். அதைச் சொல்லாமல் வீரத்தை மட்டும் போற்றுவது அரைகுறை வரலாறு.

அரிசோனாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது விண்டோ ராக் என்ற ஊரில் அந்தச் சங்கேத வீரர்களுக்கான நினைவுச் சிலையைப் பார்க்கச் சென்றேன். அருகில் கம்பளி விரிப்பு விற்ற மூதாட்டி, "நவஹோ பிறர் வைத்த பெயர், நாங்கள் தினே" என்றார். 1864இல் அமெரிக்கப் படையால் சொந்த மண்ணிலிருந்து வலுக்கட்டாயமாகச் சுமார் 300 மைல் நடத்திச் செல்லப்பட்டு, அமெரிக்க அரசுடனான 1868 உடன்படிக்கைக்குப் பின் மண் திரும்பிய அம்மக்களின் கதையையும் வெளியிடுங்கள். தலைப்பில் 'தினே' என்றே இருக்கட்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி