பொருள்: பில்லிங் சாப்ட்வேரில் ஜேசான் (JSON – கம்ப்யூட்டர் படிக்கத் தோதான எழுத்து வடிவம்) லாக் (சாப்ட்வேர் தன் செயல்களை எழுதி வைக்கும் பதிவு) உடைந்து வருவது – கடைசிப் புகார்

சேலம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் டவுனிலும் ஏற்காட்டிலும் உள்ள எங்கள் காபித்தூள், மிளகுக் கடைகளில் உங்கள் பில்லிங் சாப்ட்வேர்தான் ஓடுகிறது. "கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி மாற்றினால் லாக் முழுக்க ஜேசானில் வரும்" என்று சொல்லித்தான் புது வெர்ஷனை எங்கள் தலையில் கட்டினீர்கள்.

மாற்றினோம். சாதாரணத் தகவலெல்லாம் ஜேசானில் வருகிறது. பில் எரர் அடித்தால் மட்டும் ஸ்டாக் டிரேஸ் (எரர் எங்கே வந்தது என்று காட்டும் வரிகள்) பழையபடி வெறும் எழுத்தாக வரி வரியாகக் கொட்டுகிறது. லாக்குகளைத் திரட்டும் எங்கள் லாக் கலெக்டர் சாப்ட்வேர் ஒரு வரியை ஒரு பதிவாகப் படிப்பது. இந்தத் துண்டு வரிகளை ஜேசான் இல்லை என்று தள்ளிவிடுகிறது. எந்த எரரைப் பிடிக்க லாக் வைத்தோமோ, அதுவே காணாமல் போகிறது. டிரேஸ் முழுவதையும் ஒரே ஃபீல்டில் வைத்து, வரி முறிவுகளை எஸ்கேப் செய்து (\n என்ற குறியாக மாற்றி) எழுத வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் சாப்ட்வேர்தானே!

ஹெல்ப்லைனில் ஒருவர், "லாக் படிக்கத் தெரியலன்னா நோட்பேட்ல திறந்து பாருங்க சார், இதுக்கெல்லாம் டிக்கெட் போடாதீங்க" என்று சொல்லி, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தார். அழைப்பைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். அதற்கு முன் "இன்ஜினியர் நேரில் வருவார்" என்று அவரே சொன்னதை நம்பித்தான் டவுன் கடையைப் பூட்டிவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போனேன். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. இறங்கி வந்து பார்த்தால் என் புகார் டிக்கெட்டில் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடியிருக்கிறார்கள்! யாரிடம் கேட்டு மூடினீர்கள்?

லாக்கில் நேரமும் தப்பு. யூடிசியில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) எழுதுகிறது, ஆனால் எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லை. காலை 10 மணி பில் 4:30 என்று நிற்கிறது. கோடை விழாக் கூட்டத்தில் எந்த பில் சிக்கியது என்றே தெரியாமல் தவித்தோம். இந்த வருட சீசனே மண்ணாகிவிட்டது.

ஐயா, உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. தயவுசெய்து டிக்கெட்டை மறுபடி திறந்து, விஷயம் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், டிக்கெட் நகல், உடைந்த லாக் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்