ஜன்னலோரம் நிற்பவரின் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ என்ற குறும்படம் பற்றி வந்த கட்டுரைக்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். புகைப்படத்தின் கீழிருந்த வரியைப் படித்ததும் மனசு விட்டுப்போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் கை பதித்து நிற்பவரை ‘மனநிலை பிறழ்ந்த பெண்ணாக நடித்தவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அவர்தான் மாயா டெரன். கணவர் அலெக்சாண்டர் ஹாமிடுடன் சேர்ந்து 1943-இல் அந்தப் படத்தை எடுத்தவர். கட்டுரையில் கணவர் பெயர் மூன்று இடங்களில் வருகிறது. மாயாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. உங்களுக்குத் தெரியாததா இது?

பிறழ்வு என்று எதைச் சொன்னீர்கள்? படத்தில் ரொட்டியில் செருகிய கத்தி தானாக நழுவி விழுகிறது. அந்தப் பெண் வாய்க்குள்ளிருந்து சாவியை எடுக்கிறாள். எல்லாம் வீட்டுச் சாமான்கள். கறுப்பு அங்கி போட்ட உருவத்துக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. அதைப் பார்த்து அவள் ஓடி ஒளியவில்லை, துரத்திக்கொண்டு போகிறாள். எவ்வளவு ஓடினாலும் எட்ட முடிவதில்லை. பயமும் ஆசையும் அவளுக்கு ஒரே திசையில் இருக்கின்றன.

கல்யாணமான புதிதில் மதிய நேரங்களில் நான் தனியாக இருப்பேன். பூட்டிய கதவை நாலு தடவை போய்ப் பார்ப்பேன். யாரோ வந்துவிடுவார்களோ என்று பயம். யாராவது வரமாட்டார்களா என்றும் இருக்கும். வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். நான் வாயைத் திறக்குமுன்பே நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார். பல வருடம் கழித்து ஒரு திரையிடலில் இந்த 14 நிமிடப் படத்தைப் பார்த்தபோதுதான், அந்த மதியங்களை இன்னொருத்தியும் அறிந்திருக்கிறாள் என்று அழுதேன். அன்று சத்தமே இல்லாமல்தான் ஓடியது. உங்கள் கட்டுரையாளர் ‘1943-லேயே இசையால் மிரட்டினார்கள்’ என்கிறார். டெய்ஜி இட்டோவின் இசை 1959-இல்தான் சேர்ந்தது.

பெண் பயந்தால் பேய் பிடித்தவள், ஆசைப்பட்டால் பைத்தியம் என்று உங்கள் விமர்சனப் பகுதி எழுதுவது இது முதல் தடவை இல்லை. முன்பு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று வரவேயில்லை. இன்னொன்று பாதியாக, ‘ஒரு வாசகி’ என்று வந்தது. எனக்கும் பெயர் இருக்கிறது ஐயா, கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அடுத்த இதழில் அதே புகைப்படத்தை மறுபடி போட்டு, அடியில் ‘இயக்குநர் மாயா டெரன்’ என்று ஒரு வரி சேருங்கள். அது போதும்.

இப்படிக்கு,
18 வருடச் சந்தாதாரர்
(பெயர் உறையின் மேல் இருக்கிறது)